யாரினி

ஐந்தரைக்கு வேதியியல் ஆய்வகத்தைப் பூட்டி
அமில வாடை போகாத கையோடு
நூற்றுப் பதினாலாம் அறைக்கு ஓடுவேன்.
பகல் முழுக்க ஆய்வு மாணவி,
நெறியாளர் இருமினால்கூட “வந்துட்டேன் சார்.”
ஐந்தரை தாண்டினால் சென்செய்.
முப்பத்தொரு பேர் எழுந்து குனிவார்கள்:
தேவகோட்டையில் நர்சிங் முடித்த பிள்ளைகள்,
கோவிலூர் வெல்டர் ஒருவர்,
திங்கள்தோறும் காரைக்குடிச் சந்தைக் கூட்டத்தில்
பஸ் மாட்டிக்கொண்டதாகச் சொல்லிப்
பிந்தி வரும் யாழினி,
மின்வாரியத்தில் விருப்ப ஓய்வு வாங்கிய சாத்தப்பன்.
“எனக்கு வேலைக்கில்ல சென்செய், சும்மா.”
வீட்டுப்பாடம் தவறாமல் செய்பவர் அவர் மட்டும்தான்.

செவ்வாய், வியாழன்
அதே அறை லூர்துராணிக்கு, அடுத்த பிரிவு.
வரலாற்றுத் துறை, ஆறாவது வருடம்.
எங்கள் இருவருக்கும் பொது,
சென்னைக்கு ராத்திரி ரயில் ஏறிப் போய்
இரண்டாம் முறை தேறிய தேர்வும்
நகலெடுத்து நூல் கோத்த ஒரே பாடப்புத்தகமும்.
கரும்பலகை ஓரத்தில் எனக்குக் குறிப்பு விட்டுப் போவாள்:
சாக்பீஸ் பீரோவுக்குப் பின்னால்.
சாத்தப்பன் சார் என் வகுப்புலயும் உக்காந்திருக்கார்,
நீ கண்டுக்காதே.

மதிப்பூதியம், மணிக்கு இருநூற்றைம்பது.
மதிப்பு அன்றைக்கே கிடைத்தது.
ஊதியம், ஃபைல் நகர்ந்தால் வரும்.

முதல் வாரம் அவரவர் பெயரைக் கதகனாவில் எழுதவைத்தேன்.
அங்கே ள இல்லை, ழ இல்லை.
இரண்டும் ரகரத்தில் போய்க் கரை ஒதுங்கும்.
உமையாள் நான், உமயாரு ஆனேன்.
யாழினி எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தாள்:
யாரினி.
வகுப்பே சிரித்தது.

ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தபோது
அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டது.
வரும் ஆண்டு ஒரு பிரிவு. ஒரு பயிற்றுநர்.
யார் இனி?

“பாதிப் பாதி எடுத்துக்கிறோம் சார்” என்று
இருவரும் போய் நின்றோம்.
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
“பணியிடம்மா இது. இட்லியா, பிட்டுக் குடுக்க?”

நேர்காணலில் மாதிரி வகுப்பு, எட்டு நிமிடம்.
ஆட்களை எண்ணும் பாடத்தை எடுத்தேன்.
ஒருவர் ஹிதோரி, இருவர் ஃபுதாரி.
இவ்விரண்டும் விதிக்கு அடங்காது, மனப்பாடம்தான்.
மூன்றாம் ஆள் வந்ததும் ஒழுங்கு வந்துவிடும்.
ஹிதோரி என்றால் தனியாக என்றும் பொருள்,
அதைச் சொல்லவில்லை.
நேரம் முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

வெளியே பெஞ்சில்
என் புத்தகத்தை, எங்கள் புத்தகத்தை
மடியில் வைத்திருந்தாள்.
“என்ன எடுத்தே?”
சொன்னேன்.
“அடிப் பாவி, நானும் அதைத்தான்டி
தயார் பண்ணி வந்திருக்கேன்.”
சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

ஜூனில் ஆணை எனக்கு வந்தது.
அலுவலகத்தில் புத்தகம் இருந்தது,
பழுப்பு அட்டை போட்டு, குறிப்பு ஒன்றும் இல்லாமல்.
அறந்தாங்கிப் பக்கம் ஏதோ பயிற்சி நிலையத்தில்
சேர்ந்துவிட்டாளாம். சாத்தப்பன்தான் சொன்னார்.

ஆகஸ்டு, முதல் தேர்வு.
உயிருள்ளதற்கு இமாஸ், உயிரற்றதற்கு அரிமாஸ்.
பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இது.
நமக்குச் சாவியும் இருக்கும், ஆளும் இருப்பார்,
போய்விட்டால் இரண்டுக்கும் ஒரே இல்லை.

இருபத்தேழாவது விடைத்தாளில்,
சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுக என்ற கேள்விக்கு:
லூர்து சென்செய் வா அரிமாசென்.
பேனா இல்லை, நாற்காலி இல்லை என்பதுபோல.

சிவப்பு மையில் சுழித்து
மேலே இமாசென் என்று எழுதினேன்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.

பணியிடத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டால்
அரிமாசென் சரி.

மறுபடி மேலே பார்த்தேன்.
பெயர்க் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.
வாட்ச்மேன் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.
ஏழே முக்கால் பள்ளத்தூர் பஸ் போயிருக்கும்.