ரெட்டை விசில்

செவ்வாய், வியாழன், சனி.
மிச்சக் கிழமைகளெல்லாம்
நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்று
கை காட்டிக்கொண்டிருக்கின்றன.

ராயப்பேட்டை, இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில்.
ஊசி ஏற்றுமுன் ரெஜினா சிஸ்டர்
என் இடது மணிக்கட்டில் இரண்டு விரல் வைப்பார்.
“ஓடுதுண்ணே.”
ஓடத்தான் செய்கிறது.
ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடத்தில்
ராப்பகலாய் ஒரு வண்டி அணைக்காமல் நிற்கிறது,
டிப்போவில் எவனோ மறந்துவிட்டுப் போன மாதிரி.
தலையணைக்கு அடியில் கை போய்விட்டால்
தூக்கம் அதிரும்.
அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாதாம்.
கட்டி என்ன ஆகப்போகிறது?

மெஷினில் எழுத்து ஓடுகிறது:
மீதம் 3:58.

முதல் மணி நேரம் காலி வண்டி, சிக்னலெல்லாம் பச்சை.
இரண்டாவதில் பக்கத்துக் கட்டில் கனி பாய்
மருமகன் வாங்கிய மனையின் வில்லங்கத்தை எடுத்துவிடுவார்.
சர்வே எண் வருவதற்குள் முக்கால் மணி போயிருக்கும்.
மூன்றாவதில் கெண்டைக்கால் முறுக்கும்.
மீதம் 1:47.
பல்லைக் கடித்து,
மின்விசிறி இறக்கையின் ஒட்டடையைப் பார்த்து,
செத்துப்போன மாமனாரிடம்
திருப்பித் தராத எட்டாயிரத்துக்கு மன்னிப்பும் கேட்டு
நிமிர்ந்தால்
மீதம் 1:46.

பத்தொன்பது வருஷ சர்வீஸ்,
பிராட்வேக்கும் தாம்பரத்துக்கும் நடுவில்.
இப்போது கைவிட்டுத் துழாவினால்
தோல்பையின் அடியில் நாலு சில்லறை.
எத்தனை டிரிப், எத்தனை ஆயிரம் “உள்ளே போ, உள்ளே போ”.
ஒன்றும் தங்கவில்லை.

தங்கியது இது.
அடையாறு வீங்கிய டிசம்பர்.
சைதாப்பேட்டைப் பாலத்து முனையில்
போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், குறுக்கே கட்ட.
ஏகாம்பரம் கண்ணாடியில் என்னையே பார்க்கிறார்.
விசில் என் பல்லிடுக்கில்.
பின்னால் மழைக்குள்ளிருந்து
பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பையன் ஓடி வருகிறான்.
கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை,
பைக்குள் தண்ணீர்,
தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன்.
வண்டி முழுக்கக் கத்துகிறது, “போப்பா போ.”

நான் ஊதவில்லை.

ஏழு விநாடி இருக்கும்.
பையன் ஏறினான், ஊதினேன், கடந்தோம்,
பின்னால் கயிறு விழுந்தது.
அவன் குரோம்பேட்டையில் இறங்கினானா பல்லாவரத்திலா,
கவனிக்கவில்லை.

அந்த ஏழு விநாடிக்குள்
இன்னமும் காலை நீட்டி உட்கார இடமிருக்கிறது.
போன மாசம் வரை அதில் ஈரத்துணி வாடை கிடையாது.
இப்போது அடிக்கிறது.
மீனின் நிறம்கூட
படுத்துக்கொண்டே நான் பூசியதாக இருக்கலாம்.
ஊதாமல் நின்றது மட்டும்
பூச்சு இல்லை.

வீட்டில் நாளைக்கு அரை லிட்டர் கணக்கு,
ரசம், காபி, மாத்திரை முழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்து.
சுலோச்சனா அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றிவைப்பாள்,
குடிப்பதைவிட நேரம் பிடிக்கும் என்று.
மே மாதம், மின்சாரம் போன ராத்திரி,
கடைசிக் கட்டியை வாயில் வைக்கிறேன்,
விசில் இருந்த அதே பல்லிடுக்கில்.
கடித்தால் முடிந்தது.
தெருவில் தண்ணீர் லாரி பின்வாங்கும் சத்தம்,
குடங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன,
தொண்டை ஒரு பக்கம் கத்துகிறது, போ போ என்று.
மணிக்கட்டில் வண்டி உறுமிக்கொண்டே நிற்கிறது.

இருங்க ஏகாம்பரம்,
ஒரு ஆள் வருது.