ஆறாவது திருகு

பர்மிங்ஹாமில், மூன்றாம் கூடத்தில்,
கண்ணாடிக்குள் குப்புறக் கிடக்கிறது கைக்கடிகாரம்.
"நீலம் ஏற்றிய ஆறு எஃகுத் திருகுகள்" என்கிறது அட்டை.
எண்ணுகிறாள், அதைச் செய்த ரொவீனா பிளைத்:
ஐந்து.

ஆறாவது ஊதா.
பித்தளைத் தூளில் வைத்துச் சூடேற்றினால்
வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா,
அப்புறம்தான் நீலம்.
அன்று தபால்காரன் மணியடித்தான்;
ஒரு மூச்சு முந்தி எடுத்துவிட்டாள்.
எட்டு வருடம் எவர் மணிக்கட்டிலோ
தோலை ஒட்டி ஒளிந்திருந்தது.
இப்போது அதன்மேல்தான் விளக்கு.

குனிகிறாள்; இன்னும் குனிகிறாள்.
"தள்ளி நில்லுங்கள், மேடம்."
"இதற்குச் சாவி கொடுப்பதில்லையா?"
"தொடவே கூடாதாம்."

பள்ளிச் சீருடையில் ஒருவன் மணி கேட்கிறான்.
வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுக்
கைப்பேசியை எடுக்கிறாள்: பதினொன்று ஏழு.

பேழைக்குள் எத்தனை மணியோ.
முகம் வெல்வெட்டில் புதைந்திருக்கிறது.