சொல்லுக்கு நாலு ரூபா

சொல்லுக்கு நாலு ரூபா.
எண்களுக்குக் காசில்லை என்று
ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

உவர்மலையில் வாடகை அறை.
மின்விசிறியை மூன்றில் வைத்தால் தாள் பறக்கும்,
இரண்டில் வைத்தால் நுளம்பு.
மேசையில் நாற்பத்தொரு நாடுகள்.
லட்சம் பேருக்கு எத்தனை பேர்
துப்பாக்கியால் செத்தார்கள் என்ற அட்டவணை
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டுமாம்.

ஜப்பான். ஒரு சொல், நாலு ரூபா.
நேரே பூச்சியம், புள்ளி, இன்னொரு பூச்சியம்,
பிறகுதான் யாரோ.
முழு மனிதர்கூட இல்லை,
லட்சம் பேரில் ஒரு விரல், ஒரு காதுமடல்.
ஐக்கிய அமெரிக்கா எட்டு ரூபா.
அங்கே புள்ளிக்கு முன்னாலேயே இரண்டு இலக்கம்.
பாதிக்கு மேல் தம்மைத்தாமே சுட்டவர்கள்
என்கிறது அடிக்குறிப்பு.
அடிக்குறிப்புக்குக் காசுண்டு.

தலைப்பிலேயே ஒரு சொல்லில் நின்றுவிட்டேன்.
பத்திரிகையில் அது துப்பாக்கிச் சூடு.
எங்கள் வாயில் அது வெடி.
வெடி விழுந்திட்டுது என்போம்,
மழை விழுந்ததுபோல,
முருங்கைக் கொப்பு முறிந்து விழுந்ததுபோல.
சுட்டவன் அந்த வசனத்தில் இல்லை.
எழுவாயை எங்கே வைத்தோம் என்று
இருபது வருஷம் எவரும் கேட்கவில்லை.
கேட்டவர்கள் வீட்டுக்கும்
அதே வசனம் வந்தது.

பொழுதுபட்டபின் ஹூஸ்டனிலிருந்து மச்சாள் எடுத்தாள்.
அவளுக்குக் காலை.
மகனைப் பள்ளியில் இறக்கிவிட்டு வருகிறாளாம்.
வகுப்பில் ஒளியப் பழக்குகிறார்களாம்,
விளக்கை அணைத்து, அலுமாரிக்குப் பின்னால்,
மூச்சுச் சத்தம் கேளாமல்.
உனக்குத் தெரியும்தானே எப்படியென்று, என்றாள்.
தெரியும்.
எங்களுக்கு எவரும் பழக்கவில்லை, அவ்வளவுதான்.
அங்க இப்ப ஒரு பிரச்சினையும் இல்லைதானே?
இல்லை, மான்கள் நடுத்தெருவில் படுத்திருக்கின்றன,
பஸ்காரன் ஹோன் அடித்துக் களைத்துப்போய்
இறங்கி நின்று சிகரெட் பற்றவைக்கிறான் என்றேன்.
சிரித்தாள்.
சிரிப்பு முடியுமுன் பள்ளி மணி கேட்டது,
அவள் சிரிப்பு நின்றது.

இலங்கை. ஒரு சொல்.
அண்மை ஆண்டுகளுக்கு எண் உண்டு,
அடக்கமான சின்ன எண்கள்.
பின்னால் போகப் போக எண் இல்லை,
கிடைக்கோடு.
பாய் அகலத்தில் ஒரு கோடு,
அடுத்த ஆண்டுக்கு இன்னொன்று,
பதினெட்டு.

ஆறாம் வகுப்பில் படித்தோம், நானும் சசிரூபனும்
ஒரே வாங்கில்:
பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி,
கீழே இருப்பது பகுதி.
சசிரூபன் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறான்.
வாக்காளர் இடாப்பில் இருக்கிறான்.
கச்சேரிக்குப் போன எல்லாப் படிவத்திலும்
குடும்ப அங்கத்தவர் ஐந்து என்றே
அவன் தாய் எழுதுகிறாள்.
செத்தான் என்று பத்திரம் இல்லை,
உடல் இல்லை, மரண விசாரணை இல்லை,
ஆகவே தொகுதியில் இல்லை.
கீழே மட்டும் நின்று
வீதத்தைக் குறைத்துத் தருகிறான்.
நல்ல பிள்ளை.
பட்டியலில் எங்கள் நாட்டை ஒரு விரற்கடை
கௌரவமாகக் கீழே இறக்கி வைத்திருப்பவர்களில்
அவனும் ஒருவன்.

தட்டச்சுக்கு ரிஃப்கானா வருகிறாள்,
கிண்ணியாப் பாலம் தாண்டி, ஏழரை பஸ்ஸில்.
கோட்டுக்கு நேரே என்ன அடிக்க என்றாள்.
மூலத்தில் உள்ளதைச் சொன்னேன்: தரவு இல்லை.
இரண்டு சொல், எட்டு ரூபா.
அவள் வாப்பாவும் ஒரு கோட்டுக்குள் இருக்கிறார்,
சசிரூபனுக்கு நாலு கோடு தள்ளி.
எந்தக் கோடு என்று நான் கேட்டதில்லை,
அவளே ஒருநாள் விரலை வைத்துக் காட்டினாள்.
யார் சுட்டது என்று நாங்கள் பேசிக்கொள்வதில்லை.
பேசினால் மேசை இரண்டாகும்.

இரவு மெய்ப்புப் பார்த்தேன்.
இடைவெளி விடாமல் அடித்திருக்கிறாள்,
பதினெட்டு இடத்திலும்:
தரவில்லை.

தவறுதானா, தெரியாது.
காலையில் கேட்கவும் இல்லை.
இரண்டு சொல் ஒன்றானதில்
எழுபத்திரண்டு ரூபா குறையும்,
ஒரு பிளேன்ரீக் காசு.
அப்படியே அனுப்பிவிட்டேன்.