எச் இல்லாமல்

நூறு எம்பி என்று சொல்லி விற்ற இணையம்
மீட்டிங் நடுவே என் முகத்தைப்
பாதி திறந்த வாயோடு நிறுத்தியது.
கேபிள்காரர் தாமோ வந்தார்.
ரவுட்டரைக் கவிழ்த்துப் பார்த்தார்.
'பாஸ்வேர்டு எப்பவாச்சும் மாத்துனீங்களா மேடம்?'
இல்லை.
'அப்ப யார் யார் தொங்குறாங்கன்னு நீங்களே பாருங்க'
என்று அட்மின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு
டீ வேண்டாம் என்று கிளம்பினார்.
அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டும் அட்மின்தான்.
நாலு வருடமாகக்
கதவைப் பூட்டிச்
சாவியைப் பூட்டிலேயே விட்டிருக்கிறேன்.

பட்டியலில் பதினொன்று.
லேப்டாப், என் போன், டிவி, ஜெனிட்டாவின் டேப்
எங்களுடையவை.
மீதி ஏழு பேர்
பேப்பர் மில்ஸ் ரோட்டில் மூன்றாம் மாடி வீட்டுக்குள்
செருப்பைக் கூடக் கழற்றாமல் இருக்கிறார்கள்.

கணக்கெடுக்க வந்தவள் போல் உட்கார்ந்தேன்.
இரவு பதினொன்றுக்கு மேல் வரும் ரெட்மி
இரண்டாம் மாடி அஸ்கர்.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அவன் யாரிடமோ கிசுகிசுப்பதெல்லாம்
என் மாதக் கட்டணத்தில்.
ஒரு பிரிண்டர், எதிர் ஜெராக்ஸ் கடையுடையது.
எத்தனை பேரின் ஆதார் நகல்
என் ஹாலைக் கடந்து போயிருக்கும்?
பெயரே இல்லாமல்
எண்ணும் எழுத்துமாய் நான்கு.

கடைசி வரியில்
ஜெபசிங்-போன்.
ஞாயிறு மாலை ஆறு ஐம்பதிலிருந்து
ஆறு ஐம்பத்துநாலு வரை.
போன ஞாயிறு. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது.

அவன் படியேறுவதில்லை, இரண்டு வருடமாக.
டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே பைக்கை நிறுத்தி
மகளை இறக்கிவிடுவான்.
அவள் மூன்று மாடி ஏறி
பால்கனியிலிருந்து கையாட்டும் வரை நிற்பான்.
அந்த நான்கு நிமிடம்
சட்டைப்பையில் கிடக்கும் போன்
அவனைக் கேட்காமல்
என்னையும் கேட்காமல்
வீட்டுக்குள் வந்து போகிறது.

பாஸ்வேர்டு அவன் வைத்தது.
என் பெயர், பிறந்த வருடம், நடுவில் ஒரு நட்சத்திரம்.
எஸ்தருக்கு இங்கிலீஷில் ஒரு எச் உண்டு.
கல்யாணப் பத்திரிகையிலேயே அதை விட்டவன்
இதில் மட்டும் போடுவானா.
வந்த விருந்தாளிகள் எல்லோரிடமும்
'என் பேர்தான், ஆனா எச் இல்லாம'
என்று சொல்லிச் சொல்லியே
நானும் அப்படி ஆகியிருந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி மாற்றினேன்.
பதினாறு எழுத்து. யாருடைய பிறந்தநாளும் இல்லை.
அட்மினுக்கு வேறொன்று.
பொத்தானை அழுத்தினால் யாரையும் சேர்க்கும்
அந்த டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன்.
பதினொன்றும் ஒரே நொடியில் விழுந்தன.
என் வீட்டுக்குள் நானே
கதவைத் தட்டி நுழைய வேண்டியிருந்தது.

காலையில் அஸ்கர் வந்தான்.
'ஆன்ட்டி, உங்களுக்கும் நெட் வரலையா?'
அந்த 'உம்'மைக் கேட்டுச் சிரிப்பு வந்தது.
'எனக்கு நல்லா வருதே' என்றேன்.
படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஆறு ஐம்பது.
லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு
கீழே பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தேன்.
ஜெபசிங்-போன்: மறுக்கப்பட்டது.
ஜெபசிங்-போன்: மறுக்கப்பட்டது.
தட்டுவது போன்தான், அவனில்லை,
அதற்குப் பழக்கம், அவ்வளவுதான்
என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது
மூன்றாம் முறை.

விருந்தினருக்குத் தனி இணைப்பு என்று
கீழே ஒரு கட்டம் இருந்தது.
வெளி இணையம் மட்டும் கிடைக்குமாம்,
வீட்டுக்குள் இருக்கும் எதையும் தொட முடியாதாம்.
சுட்டியை அதன் மேல் கொண்டுபோனேன்.
பெயர் கேட்டது.
மூடிவிட்டேன்.

ஜெனிட்டா மூச்சிரைக்க வந்து டேப்பை நீட்டினாள்.
'நெட் கேக்குதும்மா. எச் இல்லாமதானே போடணும்?'
'இல்ல, புதுசு. எழுதிக்கோ.'
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.
ஒன்பதாவதில் நிமிர்ந்தாள்.
'இதுல எச் இருக்கா?'
'இருக்கு. பெரிய எச்.'

எழுதிய தாளோடு
கையாட்டப் பால்கனிக்கு ஓடினாள்.
கீழே பைக் இன்னும் கிளம்பவில்லை.