தடைக்காலத்து ஒயின்

மார்செய் துறைமுகத்தில் வாங்கியதாம்.
பழைய பனியனில் சுற்றி இரண்டு போத்தல்
தங்கச்சிமடம் வரை கொண்டுவந்தான் மச்சான் இருதயம்,
கப்பல் அடுக்களையில் வெங்காயம் உரிப்பவன்.
கஹோர் என்பது ஊர்ப்பெயர். ஒயினுக்கும் அதே பெயர்.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாலும்
மறுபக்கம் தெரியாத கறுஞ்சிவப்பு.

"வாத்துக்கு ஆகும், ஆட்டுக்கறிக்கு ஆகும்,
காளானுக்கும் ஆகும்.
மீனுக்கு மட்டும் ஆகாது."

அவன் சொல்லும்போது
சட்டியில் திருக்கை கொதித்துக்கொண்டிருந்தது.

ஆகாதா, பார்ப்போமே என்று
ஒரு துண்டு, ஒரு மடக்கு.
வாயெல்லாம் இரும்பு.
மழை நாளில்
பாம்பன் பாலத்தை நக்கியது போல.

மிச்சமிருந்த போத்தலை ஆஞ்சலா
கிழிந்த வலை மூட்டைக்குள் புதைத்தாள்.

ஏப்ரல் பதினைந்து.
விசைப்படகுகள் நங்கூரத்தில் சும்மா ஆடின.
மீன் வாடை வீட்டைவிட்டு இறங்க நாலு நாள்.
ஐந்தாம் நாள் உச்சிப்புளியில்
கடனுக்கு அரைக்கிலோ செம்மறி.
மிளகு தூக்கல், தேங்காய் கிடையாது.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம்.
நாவற்பழத் துவர்ப்பு.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
கறிக்கொழுப்பு பின்னாலேயே வந்து
அந்த முடிச்சை மெல்ல அவிழ்த்தது.

"கடலே பார்க்காதவன் செஞ்சிருக்கான்" என்றாள் ஆஞ்சலா.
"நமக்கு வேலை இல்லாத நாளுக்குன்னே."

இருதயத்துக்குப் படம் அனுப்பினேன்.
எந்தக் கடலில் இருக்கிறானோ,
ஒற்றை டிக்.

தக்கையைச் சின்னவன் எடுத்துக்கொண்டான்,
தூண்டிலுக்கு மிதப்பு வேண்டுமாம்.

தூண்டிலுக்கு ஏது தடை.