பெருக்கல் குறிகள்

சுற்றுலா மையத்தில் கொடுத்த வரைபடத்தில்
ஒரு கோட்டை, இரண்டு தேவாலயங்கள்,
ஒரு பீட்சாக் கடை விளம்பரம்.
மேடு என்று ஒன்று இல்லவே இல்லை.
முந்தைய நாள் கைப்பேசி என்னைச் சதுப்புக்குள் இறக்கிவிட்டு
'சேருமிடம் வந்துவிட்டீர்கள்' என்றிருந்தது.
முழங்கால்வரை சேர்ந்திருந்தேன்.

மேற்கு லிதுவேனியா. ஜூலை. இரவு பத்தரைக்கும் வெளிச்சம்.
பால் நிலையத்தில் தண்ணீருக்கு நின்றபோதுதான்
சுவரில் அது இருந்தது:
டேப் ஒட்டி ஒட்டித் தடித்துப்போன தாள்,
பென்சில் அம்புகள், சிவப்பில் பெருக்கல் குறிகள்.
ரிம்விதாஸ், பால் லாரி ஓட்டுகிறவர்,
இருபத்திரண்டு வருடமாக அதைத் திருத்திவருகிறவர்.
அம்பு என்றால் ஏற்றம்.
முதுகில் ஓங்கித் தட்டிக் காட்டினார்:
தொட்டிக்குள் பால் பின்னால் போய் மோதும்.
பெருக்கல் என்றால் போகாதே.
பாலம் தாங்காது, மண் புதையும், கிளை இடிக்கும்.

நூலகத்தில் பக்கத்துக்கு இருபது சென்ட், நான்கு பக்க நகல்.
ஒட்டும்போது நடுவில் ஒரு கிராமம்
கால் அங்குலம் காணாமல்போனது.

அதைத் தலைகீழாகப் படிக்க ஒரு பகல் பிடித்தது.
லாரி போகாத சாலை என் சாலை.
அவருடைய ஒவ்வொரு 'வேண்டாம்'முக்கும் பின்னால்
நீலமாக ஆளிப்பூ வயல்,
கம்பத்தின்மேல் நாரைக் கூடு,
ஹாரன் கேட்காத பத்து கிலோமீட்டர்.
பலகை பெயர்ந்த பாலத்தில்
சைக்கிள் என் தோளில் ஏறிக் கடந்தது.
மூன்று நாளில் பதினோரு பெருக்கல்.

பன்னிரண்டாவதில் பாலம் கான்கிரீட்.
மரம் ஏற்றிய லாரி ஒன்று என்னை ஓரங்கட்டிவிட்டு
அதன்மேல் போனது.
பாலம் ஒரு பொடி மண்கூட உதிர்க்கவில்லை.
இங்கே என்ன புதையும்? எது இடிக்கும்?

கருந்திராட்சைப் புதர்களிடையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
புட்டியை நீட்டினேன்.
ஹேண்டில்பார்மேல் விரித்திருந்த தாளைக் குனிந்து பார்த்தவள்
கையெழுத்தில் நின்றாள்.
"ரிம்விதாஸ்."
அது கேள்வி இல்லை.
பிறகு சிரித்தாள், வேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வர.
ஒன்பது விரல் காட்டினாள், வருடங்கள்.
மோதிர விரலைத் தொட்டுக் கையை உதறினாள்.
கொட்டகையில் மூன்று பசுக்கள்.
பால் வேறு லாரியில் போகிறதாம்.

பேனா கேட்டாள்.
பெருக்கலை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன்.
அதன் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்,
விர்கிலியா, ஏதோ ஊர்ப்பெயர்போல.
அதற்கு அப்பால்
அவர் வெறுமனே விட்டிருந்த சாலையில்
அழுத்தமாக மூன்று அம்புகள் போட்டாள்.

மூன்றும் சரி.
இரண்டாவதில் இறங்கித் தள்ளினேன்.