நூறில் ஒன்று

கன்னங்குறிச்சி தாண்டி மலைப்பாதை தொடங்கும் முன்
இடது பக்கம் எங்கள் அடுக்ககம்.
பத்திரத்தில் அதன் பெயர் சேர்வராயன் சாரல்,
புதுப் பலகையில் க்ரெஸ்ட்லைன் எலீட்,
ஆட்டோக்காரர்களுக்கு எப்போதும் போல
பாதியில் நின்ற பில்டிங்.

கம்பெனி கைமாறியது ஓர் ஆடி மாதத்தில்.
ஆடியில் யார் சொத்து வாங்குவார்கள் என்று
அசட்டையாக இருந்துவிட்டோம்.
வங்கி ஏலத்துக்கு ஆடி தெரியாது.

புது முதலாளியின் ஆள் வந்தார்.
பழைய விளம்பரப் புத்தகத்தை விரித்துக் காட்டினோம்:
ஒன்பதாம் பக்கம் நீச்சல்குளம்,
பதினொன்றில் நூலகம், அதன் ஜன்னலில் ஒரு மயில்.
"நாங்க வாங்கினது நிலமும் கட்டடமும் சார்.
புத்தகத்தை வாங்கல."
அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரியையும் காட்டினார்:
படங்கள் ஓவியரின் கற்பனை.
அந்த ஓவியர் எந்த ஊர் என்று
கேட்டார் தில்ஷாத் டீச்சர்.
கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார்.

நான் சங்கத்தின் பொருளாளர்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறவன்.
வெள்ளி உருகினால் கொஞ்சம் குறையும்.
குறைந்ததற்கும் ஒரு பெயர் உண்டு, ஒரு விகிதம் உண்டு.
இதில் சேதாரம் எத்தனை சதவீதம் என்றேன்.
அவர் அதைக் குறித்துக்கொண்டார்.
குறித்துக்கொள்வது அவருக்கு நன்றாக வந்தது.

மறுவாரம் விற்பனை அலுவலகத்தைக் காலி செய்தார்கள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரி வடிவம்
ஜெனரேட்டர் கொட்டகை ஓரம் மழையில் கிடந்தது.
அளவு: நூறில் ஒன்று.
வாட்ச்மேன் மாதேசும் நானும் தூக்கி வந்தோம்.
சி பிளாக்கை அறுத்தால்தான் என் வாசலில் நுழையும்.
அறுத்தோம்.
வெளியேயும் சி பிளாக் கிடையாது.

இப்போது அது என் ஹாலில், டிவிக்குக் கீழே.
தெர்மோகோல் மரங்கள்.
நெயில் பாலிஷ் போல உறைந்த நீலக் குளம்.
அதன் விளிம்பில் கைகளை உயர்த்தி
ஆறு வருடமாய்க் குதிக்கப் போகிற
ஒன்றரை சென்டிமீட்டர் பையன்.
என் பால்கனியைத் தேடிக் கண்டுபிடித்தேன்.
அங்கே யாரையும் ஒட்டவில்லை.
மலையையும் வைக்கவில்லை.
கொண்டை ஊசி வளைவுகளில்
இரவு ஏற்காடு ஏறும் வண்டி வெளிச்சம்
எந்தப் பக்கத்திலும் வாக்களிக்கப்படாமல்
வந்து சேர்ந்தது.

குளத்துக்குத் தோண்டிய குழி இருக்கிறது.
நாலரை அடியோடு நின்றுவிட்டது.
ஐப்பசியில் தவளைகள்.
தையில் காய்ந்துவிடும்.
மாசியிலிருந்து பிள்ளைகளின் கிரிக்கெட்:
சுவரில் பட்டால் நாலு,
மேலே போனால் அவுட்,
பந்தை எடுத்து வருவதும் அடித்தவன் பாடு.

போன ஞாயிறு டிராக்டரில் வந்து
கிராவல் மண் கொட்டினார்கள்.
டி பிளாக். பன்னிரண்டு மாடி. மலைப் பக்கமாக.

அன்று கூட்டத்தில்
நீச்சல்குளம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
நாலு வருடக் கடிதங்களின் ஃபைல்
மேசையின் ஆடும் காலுக்கு அடியில் இருந்தது.
மினிட் புத்தகத்தில் எழுதினேன்:
தீர்மானம் ஒன்று.
குழியைக் குழியாகவே விடும்படி
நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்வது.
முப்பத்தெட்டுக் கையெழுத்து.
தில்ஷாத் டீச்சருடையது மட்டும் பச்சை மையில்.

வீட்டுக்கு வந்தபோது
மாதிரியின் மேல் குனிந்திருந்தார்கள்
டீச்சர் மகள் சமீராவும் என் பையனும்.
குதிக்க நின்றவனைப் பிய்த்தெடுத்து
குளத்தின் நடுவில், நீலத்தின் மேல் நிறுத்தி,
தூக்கிய கைகளில் ஒரு தீக்குச்சித் துண்டை
ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
ஃபெவிகால் காயும்வரை
யாரும் மூச்சு விடக்கூடாது என்றாள் சமீரா.
மூவரும் விடவில்லை.